குடையும் கடையும்

திருவல்லிக்கேணியில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்த பதிப்பகம் மூடி வெகுகாலம் ஆகிறது. அண்மையில் அதன் உரிமையாளர் வீட்டைக் காலி செய்தபோது, பரணில் கிடந்த ஒரு மஞ்சள் பையை அவருடைய மகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க காலத்துச் சாமான் சார், எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்றார். பை நிறைய சிடி. திறந்ததும் ஆஃப்செட் மையும் பைண்டிங் பசையும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை குப்பென்று வந்தது. மாடிப்படி, தாள் கட்டு, மதியம் மூன்று மணிக்குத் தூக்குவாளியில் வரும் டீ எல்லாம் அந்த வாசனையோடு சேர்ந்தே வந்தன.

வீட்டில் இப்போது சிடி போட எந்த வழியும் இல்லை. ரிச்சி தெருவுக்குப் போய் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கி வந்தோம். அண்ணன் மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். சிடியைப் போட்டு டெர்மினலைத் திறந்து, எல்எஸ் அடித்தாள். பட்டியல் இறங்கியது. பாதிக்கு மேல் பெயர்கள் ஒற்றை மேற்கோளுக்குள் நின்றன. உள்ளே தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளி.

"சித்தப்பா, எல்லாம் கரப்ட் ஆயிருக்கு. பேரு பூரா குப்பை. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு மாத்திடவா?"

நான் திரையைப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. "கொஞ்சம் இரும்மா. இது ‘தமிழ்’னு எழுதியிருக்கு" என்றேன். அடுத்தது பெரிய கே, சின்ன டி, அரைப்புள்ளி, பெரிய டி, ஐ, யு. "இது முன்னுரை." அடுத்தது எஃப், ஐ, ஜே. "இது கதை." அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பெயர்களை வைத்த கை எனக்குப் பழக்கமான கை. எங்கள் டிடிபி அறையில் மூத்தவர் ஓர் அக்கா. ஊரில் தட்டச்சுப் பயிலகத்தில் யளனகப என்று தொடங்கி ஹையர் வரை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். பாமினி எழுத்துரு அந்தப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசையிலேயே அமைந்தது. இடது சுண்டுவிரலில் ய, வலது சுண்டுவிரலில் புள்ளி. அக்காவுக்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. பேஜ்மேக்கரைத் திறந்து பாமினியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கையெழுத்துப் பிரதியிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கம் பக்கமாக அடிப்பார்.

ஆனால் பாமினியில் தமிழ் இருந்தது கண்ணுக்கு மட்டும்தான். கணினிக்குள் போனதெல்லாம் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். எஃப் என்ற எழுத்தின் இடத்தில் க வரைந்திருக்கும், ஜே இருக்கும் இடத்தில் த. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் அறிவித்த பிறகும் எங்கள் அறை பாமினியை விடவில்லை. பக்கத்துக்குள் அழகாகத் தமிழ் தெரியும். சேவ் பண்ணும் பெட்டியில் பாமினி கிடையாது. அங்கே விண்டோஸின் சொந்த எழுத்துதான். அக்காவின் விரல் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. பக்கத்துக்குள் எப்படி அடித்தாரோ அப்படியே பெயரையும் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். திரையில் தெரிகிற ஆங்கிலக் கலவையைத் தடங்கலின்றித் தமிழாகவே படிக்கவும் செய்வார். நாளடைவில் எனக்கும் அது பழகிப்போனது.

சில எழுத்துகள் மட்டும் அவரைத் தடுத்தன. பாமினியில் ஈ என்பது ‘<’ குறி. விண்டோஸ் அதைப் பெயரில் அனுமதிக்காது. அதனால் ஈரோட்டு எழுத்தாளரின் தொகுப்பு ‘இரோடு’ என்றே சேமிக்கப்பட்டது. இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று ஒருநாள் வந்தது. பாமினியில் சின்ன எஃப் ‘க’. பெரிய எஃப் ‘கு’. விண்டோஸுக்கோ ஃபைல் பெயரில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றே. சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் ‘குடை’ என்று ஒரு கதையை முடித்து வைத்திருந்தார். மறுநாள் ‘கடை’ என்ற கதையை முடித்து, அதே ஃபோல்டரில் பெயர் கொடுத்தார். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா என்று கேட்டது பெட்டி. வேறு யாராக இருந்தாலும் அவசரத்தில் எஸ் அழுத்தியிருப்பார்கள். அக்கா கையை எடுத்துவிட்டார். "கடை நான் இப்பத்தான அடிச்சேன், அதுக்குள்ள எப்படி இருக்கும்? தம்பி, இங்க வா." ஒரு முழுக் கதை அன்று அந்தச் சந்தேகத்தால் பிழைத்தது.

இந்த ஃபைல்கள் எல்லாம் மாலையில் ஒரு லினக்ஸ் சர்வருக்கு வந்துசேரும். மூலையில் ஈரத்துணி போட்டுத் துடைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டிய ஒரு பெட்டி. அதைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் சில நாள் ஒருவர் வருவார். யுனிக்ஸ் தொடக்கக் காலத்திலேயே தொழில் கற்றவர், அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எல்லாரும் அவரை சார் என்போம். கட்டளை வரியில் எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவர் கொடுத்தது.

அக்காவின் பெயர்கள் விண்டோஸில் வெறும் கிறுக்கல். சர்வரில் நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லுக்கு அவை ஆணைகள். ஷெல்லில் அரைப்புள்ளி என்றால் ‘ஒரு கட்டளை இங்கே முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது’ என்று பொருள். பாமினியில் அதே அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. முன்னுரையை வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்று எம்வி அடித்து அந்தப் பெயரை அப்படியே அடித்தால், ன் வந்த இடத்தில் பெயர் இரண்டாக ஒடிந்தது. முன்பாதியை எங்கே நகர்த்துவது என்று எம்வி கேட்டது. பின்பாதியைத் தனிக் கட்டளை என்று நினைத்த ஷெல், கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்றது. ‘புள்ளி வச்ச எழுத்து இல்லாத தலைப்பாப் பாத்து எழுதச் சொல்லலாமா சார்’ என்று அச்சுப் பிரிவுத் தம்பி கேட்டான். புள்ளி இல்லாமல் தமிழில் எத்தனை தலைப்பு எழுத முடியும்?

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்து, டேப் விசையைத் தட்டினார். ஷெல்லே மிச்சப் பெயரை நிரப்பியது. அரைப்புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு ஒன்றையும் அதுவே போட்டுக்கொண்டது. "பேரை நீ அடிக்காத. மிஷினையே அடிக்க வை. அடிக்கத்தான் வேணும்னா ஒத்தை மேற்கோளுக்குள்ள போடு. அதுக்குள்ள இருக்கறது எதையும் ஷெல் தொடாது." இன்றைக்கும் என் இடக்கை மோதிரவிரல் டேப் விசையைத் தேடிப் போவதை நான் கவனித்திருக்கிறேன்.

அடுத்த சிக்கலை மேற்கோளால் தீர்க்க முடியவில்லை. தலைப்பு வராத கதைக்கு அக்கா முதல் சொல்லையே பெயராக வைப்பார். ஒரு கதை உரையாடலில் தொடங்கியது: முதலில் சிறுகோடு, பிறகு ‘வா’. அப்படியே ஃபைலுக்கும் பெயர் ஆயிற்று. தேவையில்லாத பிரதி ஒன்றை அழிக்க ஆர்எம் அடித்து, பெயரை மேற்கோளுக்குள் பத்திரமாகப் போட்டும், இன்வேலிட் ஆப்ஷன் என்று பதில் வந்தது. சார் அதற்கும் பொறுமையாக விளக்கினார். பெயர் இரண்டு இடத்தில் படிக்கப்படுகிறது. முதலில் ஷெல் படிக்கிறது. இடைவெளி, அரைப்புள்ளி, நட்சத்திரம், டாலர் குறி இவையெல்லாம் அதன் கண்ணில் படும். மேற்கோள் அங்கே காப்பாற்றும். பிறகு மேற்கோளை உரித்துவிட்டு, பெயரை மட்டும் ஆர்எம்மிடம் கொடுக்கிறது. ஆர்எம்முக்குச் சிறுகோட்டில் தொடங்குவதெல்லாம் தனக்கு இடப்பட்ட விருப்பக் குறி. அங்கே மேற்கோள் இல்லை. இருந்ததற்கான தடயமும் இல்லை.

வழி இரண்டு சொன்னார். ஒன்று, இரண்டு சிறுகோடுகளைத் தனியாகப் போட்டு, பிறகு பெயரைக் கொடுப்பது. ‘--’ வந்துவிட்டால் அதற்குப் பின் விருப்பக் குறி எதுவும் இல்லை, எல்லாமே பெயர்தான் என்று பெரும்பாலான கட்டளைகள் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பெயருக்கு முன்னால் ‘./’ சேர்ப்பது. இந்த ஃபோல்டருக்குள் இருக்கிற, என்று பொருள். ஊரில் வெறுமனே முருகன் என்று சொல்லாமல் மேலத்தெரு முருகன் என்கிறோமே, அப்படி. சாருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ‘--’ எல்லாக் கட்டளைக்கும் புரியாது, ‘./’ புரியாத கட்டளையே இல்லை என்பார். அவர் சொன்னதையே நானும் இன்றுவரை செய்கிறேன். நட்சத்திரத்தைக்கூடத் தனியாக விடுவதில்லை, ‘./*’ என்றுதான் அடிப்பேன்.

அழிக்கும் கட்டளையை நேராக அடிக்க அவர் எங்களை விட்டதே இல்லை. முதலில் ஆர்எம் இருக்க வேண்டிய இடத்தில் எக்கோ என்று அடிக்க வேண்டும். நட்சத்திரம் என்னென்ன பெயராக விரிகிறது என்று அது காட்டிவிடும். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் எக்கோவை எடுத்துவிட்டு ஆர்எம் போடலாம். கையெழுத்துப் பிரதிகள் இருந்த ஃபோல்டரில் அவர் இன்னொரு காவலும் வைத்திருந்தார். சிறுகோடு, அதையடுத்து ஐ என்ற ஆங்கில எழுத்து, இதுவே பெயராக ஒரு வெற்று ஃபைல். எதற்கு என்று ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. அச்சுப் பிரிவுத் தம்பி ஒருநாள் தற்காலிக ஃபோல்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கே நின்று ஆர்எம் நட்சத்திரம் அடித்தான். நட்சத்திரம் விரிந்தபோது அந்த வெற்று ஃபைலின் பெயரும் அதில் வந்தது. ஆர்எம் அதை விருப்பக் குறியாக எடுத்துக்கொண்டது: ‘ஒவ்வொன்றையும் கேட்டு அழி’ என்பது அதன் பொருள். வரிசையாக எல்லாம் பறந்துபோக வேண்டிய இடத்தில், முதல் பெயரைச் சொல்லி இதை அழிக்கவா என்று கேள்வி வந்து நின்றது. தம்பி வெளிறிப்போய் என்னைக் கூப்பிட்டான். மாலையில் சார் வந்ததும் அவனைத் திட்டவில்லை. அந்த வெற்று ஃபைலை எப்படி உண்டாக்குவது என்று அவனையே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ‘./’ போட்டு நட்சத்திரம் அடித்தாலோ, வெளியிலிருந்து ஃபோல்டரையே அழித்தாலோ இந்தக் காவல் பலிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

எங்கள் சின்ன அறையின் பயமாக மட்டும் இது இருக்கவில்லை. 2001இல் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0இன் நிறுவும் நிரலில் ஒரு பெயரை மேற்கோளுக்குள் வைக்காமல் விட்டிருந்தார்கள். பெயரில் இடைவெளி இருந்த வட்டுகளைச் சிலர் முழுதாக இழந்தார்கள், அவசரமாக 2.0.1 வந்தது. 2011இல் பம்பிள்பீ என்ற திறமூல மென்பொருளின் நிரலில் யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டர் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. உள்ளே ஆழத்தில் ஒரு சிறு ஃபோல்டரை அழிக்க வேண்டிய வரி, யூஎஸ்ஆர் முழுவதையும் அழித்தது.

இதையெல்லாம் காட்டி, ஃபைல் பெயரில் இடைவெளி வைக்காதே, நிறுத்தக்குறி வைக்காதே, தமிழே வைக்காதே என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒருநாளும் உடன்பாடில்லை. பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் செய்தவர்கள் பெயரில் இரண்டே இரண்டைத்தான் விலக்கினார்கள்: சாய்கோடு ஒன்று, எல்லா பிட்டும் சுழியாக இருக்கும் நல் என்ற பைட் ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த இடம் இருந்ததால்தான் அக்கா தன் மொழியில், தன் கைப்பழக்கத்தில் வைத்த பெயர் சர்வரிலும் அப்படியே நின்றது. கதையை அடித்தவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. அதைச் சிந்தாமல் சிதறாமல் தூக்கிக்கொண்டு போவது சர்வர் பார்ப்பவனின் வேலை. மேற்கோள் போட அவன் சோம்பல்பட்டால் அதற்கு அக்கா ஏன் தன் தலைப்பை மாற்ற வேண்டும்?

மஞ்சள் பையில் இருந்த சிடிகளில் பல தேய்ந்து கீறியிருந்தன. எல்எஸ் பட்டியல் வருகிறது. ஃபைலைப் படியெடுக்கப் போனால் பிழை என்கிறது. அந்தச் சிடிகளில் மிஞ்சியவை பெயர்கள் மட்டுமே. அண்ணன் மகள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒரு நிரல் எழுதத் தொடங்கிவிட்டாள்: பாமினிப் பெயரை வாங்கி யூனிகோடில் தருவது. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையிலிருந்து பெயர்களை நல் பைட்டால் பிரித்து எடுக்கச் சொன்னேன். பெயருக்குள் வரவே முடியாத பைட் அது ஒன்றுதான் என்பதால், இடைவெளியோ அரைப்புள்ளியோ வரிமுறிவோ எது இருந்தாலும் ஒரு பெயர் ஒரு பெயராகவே வந்துசேரும். சார் அந்த நாளிலேயே இப்படித்தான் செய்வார். இந்த வழி போசிக்ஸ் என்னும் யுனிக்ஸ் பொதுத் தரத்தில் சேர்ந்தது 2024இல்தான்.

நிரல் நன்றாகவே ஓடியது. பிரச்சினை வேறிடத்தில் முளைத்தது. சில பெயர்கள் உண்மையிலேயே ஆங்கிலம். ‘கவர்’, ‘பேக்கப்’ என்று மற்றவர்கள் வைத்தவற்றையும் நிரல் தமிழாக்கி உளறியது. எஃப், எல், ஒய் என்று ஒன்று இருந்தது. "இது ஃப்ளை. இங்கிலீஷ்தான்" என்று ஒதுக்கினாள். எனக்கு ஒப்பவில்லை. தென்காசியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மூன்றாவது எழுத்துக்கே அவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது கடல். கடைசிப் புள்ளி விட்டுப்போச்சு. ஒரு மீனவர் கட்டுரை வந்துச்சே, படம் லேட்டாக் குடுத்தாங்கன்னு நீங்க எல்லாரும் ராத்திரி தங்குனீங்களே, அது." அன்று மாலை முழுக்க நாங்கள் படித்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு ஆள் இருந்தார், ஒரு மழை இருந்தது, கரண்ட் போன ஒரு ராத்திரி இருந்தது. அச்சான புத்தகங்கள் யாரிடம் இருக்கக்கூடும் என்று சிலவற்றுக்குச் சொன்னார். அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பாமினிப் பெயர்கள் அரிது. 1992இல் நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உட்கார்ந்து, தட்டின் அடியில் விரிக்கும் தாளில் வரைந்த யுடிஎஃப்-8 குறியாக்கம் நம் ஃபைல் பெயர்களைத் தமிழிலேயே எழுத வைத்துவிட்டது. யுனிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரே இதையும் செய்தார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பாமினியில் ‘தமிழ்’ ஐந்து பைட், யுடிஎஃப்-8இல் பதினைந்து. ஒரு பெயருக்கு லினக்ஸ் தருவது 255 பைட், அதாவது தமிழில் 85 குறிகள். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் வரும். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தலைப்பை முழுதாகப் பெயராக வைக்க முயன்றவர்களுக்கு இந்த எல்லை தெரிந்திருக்கும்.

யூனிகோடு வந்தபின் புதுச் சிக்கலும் வந்தது. ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை இப்போது ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். அவர்களுடைய வடிவமைப்பாளர் பழைய மேக் கணினியில் வேலை செய்பவர். நவராத்திரிச் சிறப்பிதழ் ஃபோல்டரை என் லினக்ஸ் வட்டுக்குப் படியெடுத்தபின் பார்த்தால், ‘கொலு’ என்று ஒரு ஃபைல், அதன் கீழேயே ‘கொலு’ என்று இன்னொன்று. ஒரு ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. அண்ணன் மகள் இரண்டு பெயரையும் பைட் பைட்டாகக் கொட்டி எண்ணினாள். ஒன்று 12 பைட், இன்னொன்று 15. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கவும் ஒகரக் குறி ஒன்றும், அல்லது கவும் ஒற்றைக் கொம்பும் காலும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பு எதைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து வந்த கொலுவில் கொம்பும் காலும் தனித்தனி. இங்கே லினக்ஸில் யாரோ அடித்த கொலுவில் ஒரே குறி. லினக்ஸ் பைட்டை மட்டும் பார்க்கும். அதற்கு இவை இரண்டு பெயர்.

விசைப்பலகையில் கொலு என்று அடித்தால் ஒன்றுதான் அகப்பட்டது. மற்றதைப் பிடிக்க எல்எஸ்ஸிடம் அதன் ஐநோடு எண்ணை, அதாவது வட்டமைப்பு ஃபைலுக்குத் தரும் எண்ணைக் கேட்டு, அந்த எண்ணைச் சொல்லி ஃபைண்டால் எடுத்தோம். பெயரை உச்சரிக்காமலே ஒரு ஃபைலைத் தொடுவதற்கு அது நல்ல வழி. பெயர்களை ஒரே முறைக்கு மாற்ற கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. அது முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்டிவிட்டு நிற்கும். தனியாகச் சொன்னால்தான் செய்யும். ஆனால் அவள் அதை ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு ஃபைலையும் திறந்து பார்த்திருக்கிறாள். ஒன்று மயிலாப்பூர் வீடுகளின் கொலுவைப் பற்றிய கட்டுரை. இன்னொன்று ஒன்பது நாள் சுண்டலுக்குச் சமையல் குறிப்பு.

"ரெண்டும் வேணும் சித்தப்பா" என்றாள். கட்டுரைக்குக் கொலு-கட்டுரை என்றும், மற்றதற்குக் கொலு-சுண்டல் என்றும் பெயர் வைத்தாள். சிறுகோடு நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யாது. முன்னால் வந்தால்தான் வம்பு.